கடனே வாங்காதவருக்குக் கடன் வரலாறு எங்கிருந்து வரும்?

கேள்வி இதுதான்: "இரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன், சம்பளம் ஒழுங்காக வருகிறது, யாருக்கும் சல்லிக்காசு பாக்கி இல்லை. கிரெடிட் கார்டு கேட்டு இரண்டு வங்கிகளில் விண்ணப்பித்தேன். இரண்டுமே 'கடன் வரலாறு போதாது' என்று திருப்பிவிட்டன. கடன் வாங்காமல் வரலாறு வராது, வரலாறு இல்லாமல் கடன் கிடைக்காது என்றால் எங்கே தொடங்குவது? இதற்காகவே ஒரு சின்னக் கடன் வாங்கலாமா? மறுக்கப்பட்ட அந்த இரண்டு விண்ணப்பங்களும் என்னைப் பாதிக்குமா?"

ஒரு வங்கியின் கடன் பிரிவில் பல வருடம் உட்கார்ந்து இப்படிப்பட்ட விண்ணப்பங்களைப் புரட்டியவன் நான். நேரடியான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். கணக்கு வைத்திருக்கும் வங்கியில் ஒரு சிறு தொகையை டெபாசிட்டாகப் போட்டு, அதை ஈடாக வைத்து ஒரு கிரெடிட் கார்டு வாங்குங்கள். மாதாமாதம் எப்படியும் கட்டுகிற ஒரே ஒரு பில்லை, போன் பில் மாதிரி ஒன்றை, அதில் ஏற்றுங்கள். வருகிற பில் முழுவதும் உங்கள் கணக்கிலிருந்து தானாகப் போகும்படி ஆட்டோ டெபிட் போடுங்கள். பிறகு ஆறு மாதம் அதை மறந்துவிடுங்கள். வட்டியாக ஒரு காசு கட்டாமலே உங்கள் பெயரில் ஒரு வரலாறு உருவாகியிருக்கும். வேலை இவ்வளவுதான். ஆனால் இந்த நாலு வரியில் ஒவ்வொன்றிலும் ஆட்கள் வழுக்கி விழுவதைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இந்தப் பதில் இத்தனை நீளம்.

உங்களை மறுத்தவர்கள் உங்கள் நாணயத்தைச் சந்தேகப்பட்டு மறுக்கவில்லை. அவர்கள் திறந்து பார்த்த பக்கத்தில் எதுவுமே எழுதியிருக்கவில்லை, அவ்வளவுதான். கெட்ட வரலாறு வேறு, வெற்றுப் பக்கம் வேறு. இந்தியாவில், கடன் தகவல்களைத் தொகுக்கும் சிபில் நிறுவனத்தின் ரிப்போர்ட்டில் வெற்றுப் பக்கத்துக்கு மைனஸ் 1 என்று போடுவார்கள். அதைப் பார்த்துப் பதறிப்போய் "சார், எனக்கு மைனஸில் மார்க் வந்திருக்கிறது" என்று வந்தவர்கள் உண்டு. அது மார்க்கே இல்லை, மார்க் போட விடைத்தாள் இல்லை என்பதற்கான குறி. ஜப்பானில் வயது முப்பதைத் தாண்டியும் பக்கம் வெறுமையாக இருப்பவர்களை 'சூப்பர் ஒயிட்' என்கிறார்கள். அங்கே அது பாராட்டு அல்ல. இத்தனை வயதுவரை ஒரு கடன்கூட இல்லையே, பழையதெல்லாம் அழிந்து காலாவதியாகி இப்படி வெளுத்ததோ என்று கடன் கொடுப்பவர் யோசிப்பார். ஆக, 24 வயதில் வெற்றுப் பக்கம் இயல்பு. அதே பக்கம் 40 வயதில் ஒரு கேள்விக்குறி. இப்போதே தொடங்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்தப் பக்கத்தில் என்னதான் எழுதுவார்கள்? முன்பின் தெரியாத ஒருவரைப் பற்றி இன்னொருவரிடம் விசாரித்துக் கடன் கொடுப்பது பழைய வழக்கம்தான். அதை ஒரு தொழிலாகவே ஆக்கியவர்களில் முன்னோடி நியூயார்க் வணிகர் லூயிஸ் டாப்பன். 1837-இல் வந்த பொருளாதாரச் சரிவில் கடன்காரர்களிடம் பணம் மாட்டிக்கொண்டு கை சுட்டுக்கொண்ட அவர், 1841-இல் வணிகர்களின் நம்பகத்தன்மையைப் பற்றித் தகவல் சேர்த்து விற்கும் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். அன்றைக்குக் குணம், நடத்தை, குடிப்பழக்கம் எல்லாம் குறிப்பில் ஏறும். இன்றைக்கு அந்தக் கதையெல்லாம் கிடையாது. 1956-இல் பில் ஃபேர் என்ற பொறியாளரும் ஏர்ல் ஐசக் என்ற கணிதவியலாளரும் சேர்ந்து அமெரிக்காவில் தொடங்கிய நிறுவனம்தான் ஃபைக்கோ. எல்லா வங்கியும் பயன்படுத்தக்கூடிய அவர்களுடைய பொது ஸ்கோர் 1989-இல் வந்தது. அதற்குத் தேவை எண்களும் தேதிகளும் மட்டுமே.

ரிப்போர்ட்டும் ஸ்கோரும் ஒன்றல்ல என்பதை இங்கேயே பிரித்துக்கொள்ளுங்கள். ரிப்போர்ட் என்பது பதிவேடு: எந்தக் கணக்கு, எப்போது திறந்தது, லிமிட் எவ்வளவு, பாக்கி எவ்வளவு, ஒவ்வொரு மாதமும் நேரத்துக்குக் கட்டப்பட்டதா. ஸ்கோர் என்பது அந்தப் பதிவேட்டைப் படித்துவிட்டு ஒரு சூத்திரம் போடும் மதிப்பெண். நீங்கள் கட்டுவது பதிவேட்டை. மதிப்பெண் பின்னாலேயே வரும்.

மதிப்பெண்ணில் சேராதவைதான் ஆட்களுக்கு அதிக ஆச்சரியம் தரும். சம்பளம் அதில் சேராது. சேமிப்புக் கணக்கில் எவ்வளவு கிடக்கிறது என்பது சேராது. டெபிட் கார்டில் பத்து வருடம் தேய்த்தாலும் ஒரு வரி ஏறாது, ஏனென்றால் அது உங்கள் பணம், யாரும் உங்களை நம்பிக் கொடுத்தது அல்ல. கடன் கொடுக்கும்போது வங்கி சம்பளச் சான்று கேட்கும்தான், ஆனால் அது வங்கியின் தனிக் கணக்கு. லட்ச லட்சமாகச் சம்பாதித்து ஸ்கோர் இல்லாதவரும் உண்டு, சொற்பச் சம்பளத்தில் பளிச்சென்ற ரிப்போர்ட் வைத்திருப்பவரும் உண்டு.

வாடகை, மின்கட்டணம், போன் பில் ஆகியவை நாட்டுக்கு நாடு, நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சில இடங்களில் விரும்பினால் சேர்த்துக்கொள்ள வழி உண்டு. பெரும்பாலும் ஒழுங்காகக் கட்டியது ஏறாது, கட்டாமல் விட்டு வசூல்காரரிடம் போனது மட்டும் ஏறும். இதில் நியாயம் இல்லைதான். ஆனாலும் நிலைமை அதுதான்.

சரி, வாசல்களுக்கு வருவோம். வரலாறே இல்லாதவருக்கு உண்மையில் திறந்திருப்பவை மூன்றுதான்.

முதலாவது, நான் சொன்ன டெபாசிட் கார்டு. செக்யூர்ட் கார்டு என்று கேட்டால் வங்கியில் புரியும். ஆயிரம் டெபாசிட் போட்டால் கிட்டத்தட்ட ஆயிரமோ அதில் பெரும்பகுதியோ லிமிட்டாகக் கிடைக்கும். வங்கிக்குப் பயம் இல்லை, நீங்கள் ஓடிப்போனால் டெபாசிட்டை எடுத்துக்கொள்ளும். அதனால்தான் வரலாறு இல்லாதவருக்கும் தருகிறது. இங்கே ஒரு தவறான புரிதல் அடிக்கடி வரும்: "என் பணம்தானே அங்கே கிடக்கிறது, அதில் கழித்துக்கொள்ளட்டும்" என்று பில் கட்டாமல் இருந்துவிடுவார்கள். டெபாசிட் என்பது ஈடு. பில் என்பது தனி. பில்லைக் கட்டாவிட்டால் மற்ற கார்டுக்கு எப்படித் தாமதம் பதிவாகுமோ அப்படியே இதற்கும் பதிவாகும். பிறகு டெபாசிட்டிலிருந்து எடுத்துக்கொண்டாலும் அந்தக் கறை போகாது. ஒழுங்காக ஒரு வருடம் ஓட்டினால் பல வங்கிகள் தாங்களாகவே சாதாரணக் கார்டாக மாற்றி டெபாசிட்டைத் திருப்பித் தரும். தராவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

வாங்குவதற்கு முன் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். இந்தக் கணக்கை எந்தெந்த கிரெடிட் பீரோவுக்கு, அதாவது கடன் பதிவேட்டை வைத்திருக்கும் நிறுவனத்துக்கு, அறிவிப்பீர்கள்? ஆண்டுக் கட்டணம் உண்டா? முதல் கேள்விதான் உயிர். அறிவிக்காத கார்டை வைத்துக்கொண்டு ஐந்து வருடம் நல்ல பிள்ளையாக இருந்தாலும் பக்கம் வெறுமையாகவே இருக்கும். அமெரிக்காவில் எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் என்று மூன்று பீரோக்கள். இந்தியாவில் டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று நான்கு. ஒன்றில் இருப்பது இன்னொன்றில் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, அதனால் எல்லாவற்றுக்கும் அறிவிக்கும் கார்டு கிடைத்தால் நல்லது.

இரண்டாவது வாசல், அப்பா அம்மாவோ துணையோ வைத்திருக்கும் பழைய கார்டில் கூடுதல் பயனராகச் சேர்வது. அமெரிக்காவில் இது நன்றாகவே வேலை செய்யும். அந்தக் கார்டின் பழைய வரலாறு உங்கள் ரிப்போர்ட்டிலும் தெரியும். பிரிட்டனில் கூடுதல் கார்டு வைத்திருப்பவரின் ரிப்போர்ட்டில் அது ஏறாது. உங்கள் நாட்டில் எப்படி என்று வங்கியிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். இதில் இன்னொரு பக்கமும் உண்டு: அவர்கள் ஒரு மாதம் கட்டத் தவறினால் அந்தக் கறை உங்கள் பக்கத்திலும் விழலாம். மனிதர் அன்பானவரா என்று பார்க்காதீர்கள், பில் கட்டுவதில் ஒழுங்கானவரா என்று பாருங்கள்.

மூன்றாவது, சொந்த டெபாசிட்டின் பேரில் சின்னக் கடன். சில இடங்களில் இதையே தலைகீழாகத் தருவார்கள்: கடன் தொகையை உங்கள் கையில் தராமல் ஒரு கணக்கில் பூட்டி வைத்துவிட்டு, மாதத் தவணையெல்லாம் கட்டி முடித்ததும் எடுத்துக்கொடுப்பார்கள். வரலாறு கட்டுவதற்கென்றே இருக்கும் கடன் அது. நீங்கள் கேட்டீர்களே, இதற்காகவே சின்னக் கடன் வாங்கலாமா என்று. என் கருத்து: வேண்டாம், கார்டு கிடைக்காத பட்சத்தில் மட்டும் யோசியுங்கள். கார்டில் வட்டியே இல்லாமல் கிடைக்கும் அதே பதிவுக்கு இதில் வட்டி கட்டுகிறீர்கள். அதைவிட, தவணைக் கடன் முடிந்ததும் கணக்கு மூடிவிடும்; கார்டு வருடக்கணக்கில் திறந்தே இருக்கும். போனில் ஐந்து நிமிடத்தில் பணம் போடும் உடனடிக் கடன் செயலிகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். வட்டியைத் தள்ளி வைத்தாலும், ரிப்போர்ட்டில் சின்னச் சின்னக் கடன்களாக ஒரு பட்டியல் நீளும். அதைப் பார்க்கும் அதிகாரிக்கு முதலில் தோன்றுவது "மாசக் கடைசியில் இவருக்கு இழுபறி போல" என்பதுதான். எனக்கு அப்படித்தான் தோன்றியது.

இப்போது கார்டு கைக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பலருக்குக் குழப்பம் வரும் இடம் இரண்டு தேதிகள்: ஸ்டேட்மென்ட் போடும் தேதி, பணம் கட்டக் கடைசித் தேதி. உங்கள் லிமிட் 1000, ஸ்டேட்மென்ட் 5-ஆம் தேதி, கடைசித் தேதி 25. போன மாதம் 6-ஆம் தேதியிலிருந்து இந்த மாதம் 4-ஆம் தேதி வரை 700-க்குச் செலவழித்திருக்கிறீர்கள். 5-ஆம் தேதி 700 என்று பில் வருகிறது. 24-ஆம் தேதி முழுவதையும் கட்டிவிடுகிறீர்கள். வட்டி கிடையாது, தாமதம் கிடையாது, எல்லாம் சுத்தம். ஆனாலும் ஸ்கோர் எதிர்பார்த்த அளவு ஏறவில்லை. ஏன்? பெரும்பாலான வங்கிகள் ஸ்டேட்மென்ட் நாளில் இருந்த பாக்கியைத்தான் பீரோவுக்கு அனுப்புகின்றன. 5-ஆம் தேதி எடுத்த போட்டோவில் நீங்கள் லிமிட்டில் 70 சதவீதத்தைத் தின்றவராக நிற்கிறீர்கள். 24-ஆம் தேதி நீங்கள் கட்டியது அந்தப் போட்டோவில் இல்லை.

இதையே 3-ஆம் தேதி 650 கட்டிவிட்டிருந்தால் ஸ்டேட்மென்ட்டில் 50 மட்டும் நிற்கும். 5 சதவீதம். அந்த 50-ஐ ஆட்டோ டெபிட் பார்த்துக்கொள்ளும். செலவழித்ததும் அதே, கட்டியதும் அதே. கட்டிய நாள் மட்டும் வேறு. முதல் கார்டின் லிமிட் எப்போதும் சிறியதாகத்தான் இருக்கும், ஆகவே இந்தச் சதவீதம் சட்டென்று எகிறிவிடும். புதியவர்களுக்கு இது அதிகம் உறைப்பது அதனால்தான். இந்தியாவில் 2025 தொடக்கத்திலிருந்து மாதத்துக்குக் குறைந்தது இரண்டு முறை தகவல் அனுப்ப வேண்டும் என்று விதி வந்துவிட்டது. அங்கே ஒரே ஒரு நாளைக் குறிவைப்பதைவிட, மாதம் முழுக்கவே பாக்கியைத் தாழ்வாக வைத்திருப்பது நல்லது.

எத்தனை சதவீதம் வரை போகலாம்? 30 என்று எல்லாரும் சொல்வார்கள். அது சுவர் இல்லை, 29-இல் சொர்க்கமும் 31-இல் நரகமும் கிடையாது. குறைவாக இருக்க இருக்க நல்லது. ஒன்று மட்டும் ஆறுதல்: பெரும்பாலான ஸ்கோர் முறைகளுக்கு இந்த விஷயத்தில் நினைவு கிடையாது. இந்த மாதம் 70 சதவீதம் காட்டியது, அடுத்த மாதம் 5 ஆகிவிட்டால் மறந்துவிடும். புதிதாக வந்த சில முறைகள் மட்டும் பழைய மாதங்களையும் திரும்பிப் பார்க்கின்றன. ஆக, அடுத்த ஓரிரு மாதத்தில் பெரிய கடனுக்கு விண்ணப்பிக்கப் போவதில்லை என்றால் இதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

இங்கேதான் ஒரு பழைய கட்டுக்கதையும் ஒட்டிக்கொண்டிருக்கிறது: "முழுசாகக் கட்டாதே, கொஞ்சம் பாக்கி வைத்து வட்டி கட்டினால்தான் ஸ்கோர் ஏறும்." சுத்தப் பொய். யார் கிளப்பிவிட்டதோ தெரியாது, லாபம் யாருக்கு என்பது மட்டும் தெரியும். ஸ்டேட்மென்ட்டில் சின்னத் தொகை தெரிவது வேறு, அதைக் கட்டாமல் அடுத்த மாதத்துக்கு இழுப்பது வேறு. நீங்கள் வட்டி கட்டினீர்களா இல்லையா என்பதற்கு ரிப்போர்ட்டில் ஒரு கட்டம்கூடக் கிடையாது.

பில்லின் மேலே தடித்த எழுத்தில் 'குறைந்தபட்சத் தொகை' என்று ஒன்று போட்டிருப்பார்கள். அதைக் கட்டினால் தாமதம் என்ற பெயர் வராது, அது உண்மை. ஆனால் கணக்கைப் பாருங்கள். பாக்கி 1000, மாத வட்டி 3 சதவீதம், குறைந்தபட்சம் 5 சதவீதம் என்றால், நீங்கள் கட்டும் 50-இல் 30 வட்டிக்குப் போய்விடும். அசலில் குறைவது 20. இப்படியே ஒவ்வொரு மாதமும் குறைந்தபட்சம் மட்டும் கட்டிக்கொண்டு போனால், புதிதாக ஒரு காசு செலவழிக்காமலே, பாக்கி பாதியாவதற்குக் கிட்டத்தட்ட மூன்று வருடம் ஆகும். அதோடு, ஒரு மாதம் மீதி வைத்துவிட்டால் பெரும்பாலான கார்டுகளில் புதிய செலவுகளுக்கு இருந்த வட்டியில்லா நாட்களும் போய்விடும். தேய்த்த நாளிலிருந்தே வட்டி ஓடும். ஆட்டோ டெபிட் போடும்போது அந்தப் படிவத்தில் 'முழுத்தொகை', 'குறைந்தபட்சத் தொகை' என்று இரண்டு கட்டம் இருக்கும். அவசரத்தில் இரண்டாவதில் டிக் அடித்துவிட்டு, ஒரு வருடம் கழித்து வட்டியைப் பார்த்து அதிர்ந்துபோனவர்கள் பலர்.

ஸ்கோரில் எது எவ்வளவு கனம் என்று கேட்டால், ஃபைக்கோ வெளிப்படையாகச் சொல்லியிருக்கும் கணக்கு இது: நேரத்துக்குக் கட்டியது 35 சதவீதம், பாக்கியும் லிமிட் பயன்பாடும் 30, வரலாற்றின் வயது 15, புதிய விண்ணப்பங்கள் 10, கடன் வகைகளின் கலவை 10. பிற நிறுவனங்களின் சூத்திரங்களில் எண்கள் மாறலாம், வரிசை பெரிதாக மாறாது. முதல் இரண்டுமே சேர்ந்து மூன்றில் இரண்டு பங்கு. மிச்சத்தில் பெரும்பகுதி காலம் பார்த்துக்கொள்வது. 'கலவை' என்ற அந்தக் கடைசிப் பத்துக்காகத் தேவையில்லாத கார் கடன் எடுத்தவரையும் நான் பார்த்திருக்கிறேன்.

நேரத்துக்குக் கட்டுவது என்பதைப் பற்றி என் சொந்தக் கதை ஒன்று. கடன் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோதே எனக்கு நடந்தது, அதனால் வெட்கம் இரட்டிப்பு. எப்போதோ வாங்கிய ஒரு கார்டு, பயன்படுத்துவதே இல்லை, அலமாரியில் கிடந்தது. அதில் ஆண்டுக் கட்டணமாக ஓர் அற்பத் தொகை விழுந்திருக்கிறது. நான் வீடு மாறியிருந்தேன், முகவரியை மாற்றவில்லை, பில் பழைய வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்தபோது பக்கத்து மேஜை நண்பர் என் ரிப்போர்ட்டைத் திறந்தார். திறந்தவர் ஒன்றும் பேசாமல் திரையை என் பக்கம் திருப்பினார். மாதத்துக்கு ஒரு கட்டம் வீதம் வரிசையாக இருக்கும். எல்லாம் சைபர், சைபர், சைபர். கடைசியில் மட்டும் 30, 60, 90. தாமதமான நாட்களின் எண்ணிக்கை அது. தொகை எவ்வளவு என்று அந்தக் கட்டம் சொல்லாது. அற்பத் தொகைக்கும் 90 தான், பெரிய தொகைக்கும் 90 தான். அன்று மாலையே கட்டிவிட்டேன். அந்த மூன்று கட்டங்களும் அங்கேயே இருந்தன.

ஒருநாள் இரண்டுநாள் பிந்தினால் உடனே பதிவாகிவிடுமா என்றால், பெரும்பாலும் இல்லை. அமெரிக்காவில் 30 நாள் கடந்தால்தான் ரிப்போர்ட்டில் ஏறும். இந்தியாவில் கார்டு பில்லுக்கு 3 நாள் தாண்டினால் தாமதம் என்று அறிவிக்கலாம். ஏறிவிட்டால் அமெரிக்காவில் 7 வருடம், பிரிட்டனில் 6 வருடம் அது பக்கத்தில் இருக்கும். வருடம் போகப் போக அதன் வலி குறையும். வரலாறு குட்டியாக இருக்கும்போது விழும் கறைதான் மோசம்: பத்து வருட ரிப்போர்ட்டில் ஒரு தாமதம் ஒரு தடுமாற்றம், ஆறு மாத ரிப்போர்ட்டில் அதே தாமதம் ஒரு குணம்.

கார்டு வந்த முதல் ஒன்றிரண்டு மாதத்தில் ரிப்போர்ட்டில் கணக்கு தலைகாட்டும். ஃபைக்கோ ஸ்கோர் பிறக்க, குறைந்தது ஆறு மாத வயதுள்ள ஒரு கணக்காவது வேண்டும். அதற்கு முன் தினமும் ஸ்கோரைத் தேடிப் பார்ப்பது, விதை போட்ட மறுநாள் மண்ணைத் தோண்டிப் பார்க்கிற மாதிரி. பார்ப்பதால் கெடுதல் எதுவும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் ரிப்போர்ட்டை நீங்கள் பார்ப்பதால் ஸ்கோர் குறையாது. கடன் விண்ணப்பத்துக்காக ஒரு வங்கி பார்ப்பதுதான் என்கொயரியாகப் பதிவாகும்.

ஒரு வருடம் போல ஆனதும் இரண்டாவது கணக்கு ஒன்றைத் திறக்கலாம், தேவையிருந்தால். முதல் கார்டை உடனே மூடாதீர்கள். பழைய கார்டை மூடினால் வரலாறே அழிந்துவிடும் என்று பயமுறுத்துவார்கள், அது முழுக்கச் சரியில்லை. அமெரிக்காவில் ஒழுங்காக நடத்தி மூடிய கணக்கு 10 வருடம் வரை ரிப்போர்ட்டில் இருக்கும். மூடினால் உடனே வரும் அடி வேறு: உங்கள் மொத்த லிமிட் சுருங்கும், அதே செலவுக்குச் சதவீதம் எகிறும். ஆண்டுக் கட்டணம் இல்லாத கார்டு என்றால் சின்ன பில் ஒன்றை அதிலேயே ஓடவிட்டுச் சும்மா வைத்திருங்கள். கட்டணம் கேட்கும் கார்டு என்றால் கட்டணமில்லாத வகைக்கு மாற்றித் தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

வருடத்துக்கு ஒரு தடவையாவது முழு ரிப்போர்ட்டையும், வெறும் ஸ்கோரை அல்ல, எடுத்துப் படியுங்கள். இந்தியாவில் நான்கு பீரோக்களும் வருடத்துக்கு ஒன்று இலவசமாகத் தர வேண்டும். அமெரிக்காவில் வாரத்துக்கு ஒன்றுகூட இலவசமாக எடுக்கலாம். முதலில் பெயர், பிறந்த தேதி, முகவரி. நம் பெயர்களுக்கு இது ரொம்ப முக்கியம். இனிஷியல் ஒரு இடத்தில் முன்னால், ஒரு இடத்தில் பின்னால், இன்னொரு இடத்தில் விரித்து எழுதி அப்பா பெயரே முதல் பெயராக நிற்கும். இதனால் ஒருவருடைய வரலாறு இரண்டு பக்கமாகப் பிரிந்து கிடப்பதும், அதே பெயருள்ள வேறொருவரின் கடன் வந்து ஒட்டிக்கொள்வதும் நடக்கிறது. விண்ணப்பம் எதுவானாலும் அடையாள ஆவணத்தில் இருக்கிற எழுத்துப்படியே எழுதுங்கள். பிறகு கணக்குகள்: உங்களுடையதல்லாத எதுவும் இருக்கிறதா, முடிந்துபோன கடன் இன்னும் திறந்திருப்பதாகக் காட்டுகிறதா. தவறு இருந்தால் பீரோவுக்கும் வங்கிக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். பிழையைத் திருத்த யாருக்கும் காசு கொடுக்கத் தேவையில்லை. 'ஒரே மாதத்தில் ஸ்கோரை ஏற்றித் தருகிறோம்' என்று வருபவர்களால் உண்மையான தாமதத்தை அழிக்க முடியாது. பொய்யான பதிவை நீங்களே அழிக்கலாம்.

இன்னும் இரண்டு விஷயம், சட்டென்று. யாருக்காவது ஜாமீன் கையெழுத்துப் போட்டால் அவர் கட்டாத கடன் உங்களைத் தேடி வரும், ரிப்போர்ட்டுக்கும் வரும். அப்புறம், கணவன் மனைவி என்றாலும் ரிப்போர்ட் தனித்தனிதான். எல்லாக் கணக்கும் ஒருவர் பெயரிலேயே இருந்துவிட்டு, அவர் போனபின் மற்றவர் ஐம்பது வயதில் வெற்றுப் பக்கத்தோடு வங்கிக்கு வந்து நிற்பதைப் பார்க்கச் சங்கடமாக இருக்கும். வீட்டில் இருவர் பெயரிலும் ஆளுக்கொரு சின்னக் கணக்காவது இருக்கட்டும்.

வெளிநாடு போகும் எண்ணம் இருந்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: இந்த வரலாறு பொதுவாக எல்லை தாண்டாது. ஒரு நாட்டில் பதினைந்து வருடம் அப்பழுக்கில்லாமல் கட்டியவரும் இன்னொரு நாட்டில் இறங்கியதும் முதல் வரியிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஆட்டத்தின் விதியும் மாறும். ஜெர்மனியில் 1927-லிருந்து இருக்கும் ஷூஃபா என்ற கடன் தகவல் நிறுவனத்தின் ரிப்போர்ட்டை வாடகை வீடு கேட்டாலே எடுத்து வரச் சொல்வார்கள். பிரான்சில் இந்த மாதிரி ஸ்கோரே கிடையாது. கட்டத் தவறியவர்களின் பட்டியலை மட்டும் அந்நாட்டு மத்திய வங்கி வைத்திருக்கிறது. அங்கே வெற்றுப் பக்கம்தான் நல்ல பக்கம்.

கடைசியாக, உங்களுக்கு மறுக்கப்பட்ட இரண்டு விண்ணப்பங்கள். மறுத்தார்கள் என்பது ரிப்போர்ட்டில் ஏறாது. விசாரித்தார்கள் என்பது மட்டும் ஏறும். ஃபைக்கோ ஓர் என்கொயரியை ஒரு வருடம்தான் கணக்கில் எடுக்கும், இரண்டாவது வருடம் அது வெறுமனே கண்ணில் படும். இரண்டு என்பது ஒன்றுமே இல்லை. ஆத்திரத்தில் மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது என்று வரிசையாகப் போட்டால்தான், இவர் கதவு கதவாகத் தட்டுகிறார் என்ற தோற்றம் வரும். ஆகவே புதிதாக எங்கும் விண்ணப்பிக்காதீர்கள். மறுத்த இரண்டு வங்கிகளிடமும் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். உங்கள் ரிப்போர்ட்டை இந்த வாரமே ஒருமுறை எடுத்துப் பாருங்கள். நிஜமாகவே வெறுமையாக இருக்கிறதா, இல்லை பெயர்க் குழப்பத்தில் யாருடைய பழைய பாக்கியாவது அங்கே உட்கார்ந்திருக்கிறதா என்று. வெறுமை என்றால், சம்பளம் வரும் வங்கிக் கிளைக்கே போய் டெபாசிட் கார்டு கேளுங்கள். படிவத்தில் ஆட்டோ டெபிட் பகுதி வந்ததும் நிதானமாகப் படித்து, முழுத்தொகை என்ற கட்டத்தில் டிக் அடியுங்கள்.